வெற்றிலை பாக்கோடு ஒரு புகார்

எங்கள் தெருவில் ரகசியம் என்று ஒன்று தங்கியதே கிடையாது. காரணம், எதிர்வீட்டு மாவு மில். காலையில் மிஷினைப் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிறுத்துவார்கள். அதை நடத்திய அக்கா அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மிஷின் நின்ற பிறகும் அதே குரலில்தான் பேசுவார். "ஒங்கிட்ட மட்டும் சொல்றன் டீச்சரு" என்று அவர் ஆரம்பித்தால், செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை உச்சியில் இருக்கிற குரங்குகூடக் காதைத் தீட்டிக்கொள்ளும் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

மெல்லப் பேசத் தெரியாததால் அவருக்குப் புறம் பேசவும் தெரியாமல் போயிற்று என்று நினைக்கிறேன். யாரைப் பற்றியாவது குறை இருந்தால் அந்த ஆளையே நிறுத்தி வைத்துச் சொல்வார். முகத்துக்கு நேரே சொன்னால் புகார், முதுகுக்குப் பின்னால் சொன்னால் கோள். அவருடைய சட்டப் புத்தகத்தில் இருந்தது இந்த ஒரே ஒரு சட்டம்தான். அதை வைத்துக்கொண்டே செஞ்சியில் பாதிப் பேரைத் திருத்தினார், மீதிப் பேரைத் தெறித்து ஓட வைத்தார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இப்போது அவர் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். "அக்கா, ஒங்களப் பத்தி எழுதப் போறேன்" என்று போனில் முன்கூட்டியே சொன்னேன். சொல்லாமல் எழுதினால் என் கதி என்னாகும் என்று எனக்குத் தெரியாதா? "எழுதிக்கோ. பேரு மட்டும் போடாத. அப்புறம் எவனாவது தேடிக்கினு வருவான், மொளகா அரைக்கணும்னு" என்றார். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கேட்டேன்.

சேலைக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். இறந்துபோன வீட்டுக்காரருடைய சட்டை. புருவத்திலும் காதோர முடியிலும் எப்போதும் மாவு படிந்திருக்கும். அரிசி அரைத்த நாளில் வெள்ளைப் புருவம், மஞ்சள் அரைத்த நாளில் மஞ்சள் புருவம். மிளகாய் அரைக்கிற நாளில் அவர் பக்கத்தில் போகாமல் இருப்பது நல்லது. கண்ணும் சிவந்திருக்கும், வாயும் காரமாக இருக்கும்.

மில் சுவரில் ஓர் ஆணியில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு தொங்கும். மில்லில் மாவு படியாத ஒரே பொருள் அதுதான். தினமும் துடைத்து வைப்பார். யார் மேலாவது புகார் கொடுக்க வேண்டுமென்றால் அந்தத் தட்டில் ரெண்டு வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு வாழைப்பழம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கல்யாணத்துக்கு அழைக்கப் போகிற மாதிரி கிளம்பிவிடுவார். நேரே அந்த ஆள் முன்னால் போய் நின்று, "ஒங்க மேல புகாரு குடுக்கப் போறன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தன். எடுத்துக்குங்க" என்பார்.

முதல்முறை நான் அதைப் பார்த்தது கரண்ட் விஷயத்தில். எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கி இறங்கி மில் மிஷின் முனகிக்கொண்டே இருந்தது. மனு கொடுத்தாயிற்று, போன் பண்ணியாயிற்று. ஒருநாள் அக்கா தட்டோடு மின்சார ஆபீசுக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தட்டு நீட்டப்பட்டதும் பாவம், பழக்க தோஷம், எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "யாருக்கும்மா கல்யாணம்?" என்று வேறு கேட்டார்.

"கல்யாணம் இல்ல சார். ஒங்க மேல கலெக்டருக்கு எழுதப் போறன்."

மனிதர் தட்டைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் தவித்ததைப் பார்க்கவேண்டுமே! அன்று பொழுது சாய்வதற்குள் எங்கள் தெருக் கம்பத்தில் ஆள் ஏறியிருந்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன்.

"பேச்சுவார்த்த இல்லாத பங்காளிக்கே பத்திரிக வெக்கிறமா இல்லியா? தாலி கட்டறதுக்கே ஊரெல்லாம் சொல்றம். ஒருத்தன் பொழப்புல கை வெக்கப் போறம், அவனுக்கு ஒரு வார்த்த சொல்ல வேணாமா? இன்னா படிச்சிருக்கற நீ?"

நான் கணக்கு படித்திருந்தேன். இதற்கு அதில் பதில் இல்லை.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்தவர் தட்டு நீட்டினால் அக்காவும் வாங்கிக்கொள்வார். மேல்சித்தாமூரிலிருந்து ஒரு நயினார், ஜைனப் பெரியவர், விடியலிலேயே கோதுமை கொண்டுவருவார். மிளகாய் விழுவதற்கு முன்னால் கழுவித் துடைத்த மிஷினில் தன் கோதுமை அரைபட வேண்டும், அதுதான் அவர் கேட்பது. ஒருநாள் அக்கா மறந்துபோய் மல்லியைப் போட்டுவிட்டார். பெரியவர் நேரே கடைத்தெருவுக்குப் போய் வெற்றிலை பாக்கு வாங்கி வந்து, "அம்மா, ஒங்க மேல ஒரு புகார்" என்று நீட்டினார். அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிஷினை நிறுத்தி, பிரித்து, கழுவி, கோதுமையை அரைத்துக் கொடுத்தார். வந்தவர்களிடமெல்லாம், "எம்மேல புகாரு குடுத்தாரு தெரியுமா!" என்று மெடல் வாங்கிய மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் அப்போது ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். ஆசிரியை யாராவது முழுகாமல் இருந்தால், மாதம் ஏறியதும் ஸ்டாஃப் ரூமிலேயே வளைகாப்பு நடத்துவார்கள். கண்ணாடி வளையல், கலந்த சாதம், சேலை, போட்டோ என்று அமர்க்களப்படும். கரஸ்பாண்டன்ட் சாரே முன்னால் நின்று ஆசீர்வாதம் பண்ணுவார். மறுநாளிலிருந்து அந்த ஆசிரியை பள்ளிக்கு வரமாட்டார். பிள்ளை பெற்றுத் தேறி வந்து கேட்டால், "வேற ஆள் போட்டாச்சேம்மா. கொழந்தைய நல்லாப் பாத்துக்க. அதவிடவா வேல பெருசு?" என்பார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவதாவது சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கும் வளையல் போட்டார்கள். எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். கையில் வளையல் குலுங்க நான் வீட்டுக்கு வரவில்லை, நேரே மில்லுக்குப் போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அந்த வேலை வேண்டும். கரும்பலகை முன்னால் நிற்கும்போதுதான் நான் நானாக இருந்தேன். ஒரு பையன் முகத்தில் அல்ஜீப்ரா பிடிபடுகிற அந்த நொடியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார என்னால் முடியாது. அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அக்கா மிஷினை நிறுத்தவில்லை. அரைத்துக்கொண்டே கேட்டார்.

"வேலைய வுடறன்னு நீ சொன்னியா?"

"இல்லக்கா."

"போயிடுன்னு அவரு சொன்னாரா?"

"அதுவும் சொல்லல. வளையல் போட்டாங்க."

"வளையலு போட்டா வேல போயிடுமா? எந்த ஊரு நாயம்டீ இது? மொகத்தத் தொடச்சிக்கோ. காலையில போலாம்."

மறுநாள் காலை, பள்ளி வேன்கள் வந்து நிற்கிற நேரம். பிள்ளைகளை விட வந்த பெற்றோர், வாட்ச்மேன், பூக்காரி எல்லாரும் வாசலில். கரஸ்பாண்டன்ட் சார் வழக்கம்போல கேட்டில் நின்று எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தட்டை நீட்டினார். மில்லில் பேசுகிற குரலிலேயே பேசினார்.

"சார், இந்தப் பொண்ணு புள்ள பெத்துட்டு வேலைக்குத் திரும்பி வரும். எடம் வெச்சிருக்கணும். வெக்கலன்னா டில்லில பொம்பளைங்களுக்குன்னு ஒரு ஆணையம் இருக்குதாமே, அங்க புகாரு குடுப்பம். சொல்லாமக் குடுத்தா மரியாத இல்ல. எடுத்துக்குங்க."

டில்லி ஆணையத்தைப் பற்றி அவர் மகளிர் குழுக் கூட்டத்தில் கேள்விப்பட்டிருந்தாராம். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கரஸ்பாண்டன்ட் சார் சுற்றும் முற்றும் பார்த்தார். நூறு கல்யாணத்துக்குப் போன மனிதர். கை தானாக நீண்டது, வாய் தானாகத் திறந்தது.

"அவசியம்மா... அவசியம்" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பெண் பிறந்தாள். அவளுக்குத் தலை நின்று, நானும் தேறிய பிறகு பள்ளிக்குப் போனேன். சார் நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார், குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டார். "வேற ஆள் போட்டாச்சேம்மா" என்றார்.

புகார் எழுதியது மில்லில்தான். இப்போதெல்லாம் போனிலேயே கொடுக்கலாம். என் கணவர் ஆணையத்தின் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். எந்த வகைப் புகார் என்று ஒரு பட்டியலே வந்தது. வரதட்சணை, அடி உதை, வேலையிடத்துத் தொல்லை என்று போய், மகப்பேறு விடுப்பு மறுப்பு என்பது கீழே இருந்தது. எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது, அது எங்கோ டில்லியில் அச்சடித்து வைக்கும் அளவுக்கு நிறையப் பேருக்கு நடக்கிறது என்று அன்றுதான் உறைத்தது.

மிஷின் ஓடுகிறது, அக்கா கத்தியே கேட்கிறார், நான் கத்தியே வாசிக்கிறேன். மாவு அரைக்க வந்த தெருவே கூடி நின்று திருத்தம் சொன்னது. "அந்த ஸ்கூலு வேனு கண்ணு மண்ணு தெரியாமப் போவுது, அதையும் போடு" என்றார் ஒருவர்.

"அது வேற புகாரு. அதுக்கு வேற வெத்தல" என்று அக்கா அவரை உட்கார வைத்தார்.

கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பள்ளித் தாளாளருக்கு முன்கூட்டியே வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லியிருக்கிறோம் என்று. "அக்கா, டில்லில சிரிப்பாங்க" என்றேன். "சிரிக்கட்டும். நடந்ததுதான? எழுது." எழுதினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

புகாருக்கு ஒரு நம்பர் வந்தது. அக்கா என்னைச் சாக்பீஸ் கொண்டுவரச் சொல்லி, மில்லின் தகரக் கதவில் அதை எழுத வைத்தார். அதன் பிறகு தெருவில் யார் பார்த்தாலும், "டீச்சரு, நம்பரு இன்னா ஆச்சி?" என்றுதான் கேட்டார்கள். போனில் பார்த்தால் பரிசீலனையில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. பிறகு, பள்ளியிடம் விளக்கம் கேட்டிருப்பதாக ஒரு தகவல். பிறகு பள்ளி சொன்ன பதில் என் பார்வைக்கு வந்தது. குழந்தையைக் கவனித்துக்கொள்ள நானே விருப்பப்பட்டு நின்றுவிட்டதாகவும், திரும்பி வருவேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை என்றும், அன்போடு வழியனுப்பி வைத்ததாகவும் எழுதியிருந்தார்கள். வளைகாப்புப் போட்டோவை வேறு இணைத்திருந்தார்கள். அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வளைகாப்பில் சிரிக்காமல் என்ன செய்வது?

அந்தப் போட்டோவைப் பார்த்த அன்று நான் நம்பிக்கை இழந்துவிட்டேன். கதவிலிருந்த நம்பரை அழித்துவிடலாம் என்று துணியோடு போனேன். "கைய எடு" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

இதற்கிடையில் டில்லிக்கு எழுதத் தெரிந்த தெரு என்று எங்கள் பெயர் பரவிவிட்டது. தளவானூரிலிருந்து ஒருவர், அண்ணன் வரப்பைத் தள்ளி வைத்துவிட்டான், என் மனைவி பெயரில் ஒரு புகார் போடுங்கள் என்று வந்தார். "அவங்களுக்கு பொம்பளைங்க கஷ்டம் பாக்கவே நேரம் பத்தல, ஒன் வரப்ப வந்து அளப்பாங்களா?" என்று அக்கா விரட்டினார்.

ஒருநாள் மட்டும் வேறு மாதிரி ஆயிற்று. ஒரு பெண் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு வந்து மில் வாசலில் நின்றாள். அரைக்க எதுவும் கொண்டுவரவில்லை. அக்கா அவளைப் பார்த்தார், மிஷினை நிறுத்தினார். நடுக்காலையில் அந்தச் சத்தம் நின்றதும் தெருவில் இருந்த எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். அக்கா கதவைச் சாத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே மகளிர் காவல் நிலையத்துக்கு நடந்தார். தட்டு ஆணியிலேயே தொங்கியது. திரும்பி வந்த பிறகு, "அந்த ஆளுக்குச் சொல்லலியா அக்கா?" என்று கேட்டேன்.

"வெத்தல வெக்கம் இருக்கறவனுக்கு. கை நீட்டறவங்கிட்ட முன்னாடியே சொன்னா அவ உசுரு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார். அன்று முழுக்க அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது அழைப்பு வந்தது. ஆணையத்திலிருந்து ஓர் உறுப்பினர் விழுப்புரத்துக்கு வருகிறார், கலெக்டர் ஆபீசில் வைத்துப் பொது விசாரணை, இந்தப் பக்கத்துப் புகார்களை இரண்டு தரப்பையும் உட்கார வைத்து நேரிலேயே கேட்பார்கள் என்று. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான், ஒரு துணிப்பையோடு அக்கா, இருவரும் பஸ் ஏறினோம். பையில் என்ன என்று கேட்டேன். "பேசாம வா" என்றார். வழியில் மண்டகப்பட்டு தாண்டும்வரை என் வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பேசாமல் வந்ததால் எனக்குப் பயமாகிவிட்டது.

பெரிய ஹால். ஒரு பக்கம் போலீஸ், தொழிலாளர் துறை, சமூகநலம் என்று அதிகாரிகள் வரிசையாக. நடுவில் கைத்தறிச் சேலையில் டில்லி மேடம். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு மாமியார் மருமகள் விவகாரம், இருவரும் ஒரே நேரத்தில் பேசி முடிக்க வெகுநேரமாயிற்று. மேடம் இருவருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

எங்கள் முறை வந்தது. கரஸ்பாண்டன்ட் சார் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். "நம்ம பொண்ணு மாதிரிதாங்க. திரும்பி வரணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எடம் வெச்சிருக்க மாட்டனா?" என்றார். குரல் தழுதழுத்தது. ஹாலில் பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. போட்டோவையும் எடுத்துக் காட்டினார். நாங்கள் சொன்னோம் என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது?

மேடம் என் புகாரைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்று மொழிபெயர்க்கும் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். பிறகு சாரிடம் திரும்பினாள்.

"சார், மேடம் கேக்கறாங்க. இவங்க ஒங்களுக்கு வெத்தல பாக்கு வெச்சு ஏதாவது சொன்னாங்களா?"

சார் போட்டோவைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. ஆனால் செஞ்சியில் பிறந்து வளர்ந்த மனிதர், வாங்கிய வெற்றிலையை வாங்கவில்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"வாங்கினது நெஜம்தாங்க" என்றார்.

"வாங்கிட்டு என்ன சொன்னீங்க?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். "அவசியம்னு சொன்னேன்."

ஹாலே சிரித்தது. போலீஸ் அதிகாரி ஒருவர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். சாரே கடைசியில் சிரித்துவிட்டார்.

மேடம் சிரிக்கவில்லை. இதற்கு முன்னால் எத்தனை ஆசிரியைகளுக்கு வளையல் போட்டீர்கள் என்று கேட்டார். சார் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அடுத்த கைக்குப் போனதும் நிறுத்திக்கொண்டார். தாங்கள் கோர்ட் இல்லை, தண்டனை கொடுக்க முடியாது, ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது, பிரசவத்துக்குப் போனவளை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று மேடம் சொன்னதை அந்தப் பெண் சொன்னாள். என்னைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சார் அங்கேயே கையெழுத்துப் போட்டார். அது நடந்ததா என்று பார்த்து ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும்படி தொழிலாளர் துறை அதிகாரியிடம் சொன்னார்கள். நான் என் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

எழுந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தால், அக்கா நகரவில்லை. பையிலிருந்து தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, பழம். வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேடம் முன்னால் நீட்டினார்.

"அம்மா, ஒங்க மேல ஒரு புகாரு குடுக்கணும். சொல்லிட்டுப் போலாம்னு வந்தன்."

மொழிபெயர்க்கும் பெண் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நம்பரு குடுத்தீங்க, சந்தோஷம். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் இங்கிலீசு. எங்க டீச்சரு படிச்சவ, அவ படிச்சா. படிக்காதவ இன்னா பண்ணுவா? நம்பரக் கதவுல எழுதி வெச்சிக்கினு குந்தியிருப்பாளா?"

அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மேடம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். பிறகு ஏதோ கேட்டார்.

"மேடம் கேக்கறாங்க, அவங்க மேல யார்கிட்ட புகார் குடுப்பீங்கன்னு."

"அதத்தாம்மா அவங்களையே கேக்கலாம்னு வந்தன்."

இந்தத் தடவை மேடமும் சிரித்துவிட்டார். எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் காதோரம் ஏதோ சொல்லிக் கொடுத்தாள். மேடம் தட்டுத் தடுமாறி, "அ...வசியம்" என்றார்.

அடுத்து ஆணையத்திலிருந்து வந்த தகவலும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் கூடவே ஒரு போன் வந்தது. அந்த மொழிபெயர்ப்புப் பெண். முழுவதையும் தமிழில் சொல்லிவிட்டு, "மில்லு அம்மாகிட்ட சொல்லிடுங்க, மேடம் எங்களப் போன் பண்ணச் சொன்னாங்க" என்றாள். நான் சொன்னேன். "பரவால்ல, வெத்தலைக்கு மரியாத குடுத்திருக்கு அந்தம்மா" என்றார் அக்கா.

நான் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன். இப்போதும் ஸ்டாஃப் ரூமில் வளைகாப்பு நடக்கிறது. முடிந்ததும், வளையல் போட்டுக்கொண்டவள் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துச் சாரிடம் நீட்டி, எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். சார், "அவசியம்மா" என்கிறார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் என் பக்கம் பார்க்கமாட்டார்.

அக்காவுக்குத் தோள் வலி வந்து மூட்டை தூக்க முடியாமல் போயிற்று. மகன் ஓசூருக்கு வரச் சொல்லி நச்சரித்தான். மில்லை விற்றார்கள். மிஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று தெருவே ஊமையாகிவிட்டது. சாயங்காலம் அக்கா தெருவைத் தாண்டி வந்தார். சட்டை இல்லை, புருவத்தில் மாவு இல்லை. சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கையில் தட்டு இருந்தது.

"நாளைக்குக் கெளம்பறன் டீச்சரு. சொல்லாமப் போனா மரியாத இல்ல."

வாங்கிக்கொண்டேன். என் மகள் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

"அக்கா, எனக்கு ஒங்க மேல ஒரு புகார்."

"சொல்லு."

"இப்படி விட்டுட்டுப் போறீங்க இல்ல, அதுதான்."

"அத எவங்கிட்ட குடுப்ப?"

"அதத்தான் ஒங்களையே கேக்கறேன். நான் இங்க எடம் வெச்சிருப்பேன். திரும்பி வரணும்."

அவர் கிட்டே வந்தார். என் கன்னத்தைத் தொட்டார். பிறகு, இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டிராத மெல்லிய குரலில், என் காதருகே, "அவசியம்" என்றார்.

அவர் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா சொன்னாங்க டீச்சரு? ஒண்ணுமே கேக்கலியே!"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு நான் தட்டோடு உள்ளே போனேன்.